வேலூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு ஷூட்டிங்குக்கு எடிட்டராகக் கிளம்புகிறவர்களுக்கு

குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து டிவி எடிட்டிங் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள், தங்கைகள் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அண்ணா, வெளிநாட்டு ஷெட்யூலுக்குக் கூப்பிட்டுகீறாங்க, இன்னா எடுத்துக்கினு போறது?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி இப்போது எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து வெட்டுகிற எடிட்டர் செய்யாத எந்த வேலைக்காக உங்களுக்கு டிக்கெட், விசா, ரூம், பேட்டா எல்லாம் கொடுத்துக் கூட்டிப் போகிறார்கள்? ஒரு ஷாட் குறைகிறது என்பதை, அந்த ஊரை விட்டு யூனிட் கிளம்புவதற்கு முன்னால் சொல்வதற்காக. சென்னைக்கு வந்த பிறகு "அந்தக் கடையின் போர்டு எடுக்கவே இல்லையே சார்" என்று சொல்வதற்கு நீங்கள் தேவையில்லை. கீழே நான் சொல்லப்போகிற டிஸ்க், பேட்டரி, தூக்கம், இன்டர்நெட் எல்லாமே அன்றன்றைய ரஷ்ஷை, அதாவது அன்று எடுத்த வெட்டாத ஃபுட்டேஜை, அன்றன்றைக்கே பார்த்து முடிப்பதற்கான ஏற்பாடுகள்தான்.

நான் தொழில் கற்றது வேலூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷனில் எடுத்ததை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டி, மறுநாள் முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது திரையில் ஓட்ட வேண்டும். மண்டபத்தின் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறுகிற அந்தச் சில நொடிகளுக்குப் பயந்துகொண்டே வேலை செய்த அனுபவம்தான் பிறகு கோலாலம்பூரிலும் துபாயிலும் எனக்குக் கைகொடுத்தது. கல்யாண வேலையிலிருந்து வந்தேன் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். குறைந்த நேரம், மாற்ற முடியாத கெடு, இரண்டாவது டேக் இல்லாத நிகழ்ச்சி இந்த மூன்றையும் அங்கேயே பழகியிருக்கிறீர்கள்.

ஒப்புக்கொள்வதற்கு முன்னால்

விசா என்ன வகை என்று கேளுங்கள். "டூரிஸ்ட்ல போயிட்டு வந்துடலாம்" என்று எளிதாகச் சொல்வார்கள். இமிக்ரேஷன் கவுன்டரில் நிற்கப்போவது நீங்கள், சொன்னவர் இல்லை. மலேசியாவில் வெளிநாட்டுக் குழு படம் பிடிக்க புஸ்பால் என்கிற அரசு அமைப்பின் வழியாக அனுமதி வாங்க வேண்டும். துபாயில் அரசின் திரைப்பட ஆணையம் படப்பிடிப்பு அனுமதி தருகிறது. அமெரிக்காவில் செய்தி, ஆவணப்படம் போன்ற வேலைகளுக்குப் போகிற ஊடகக்காரர்களுக்கு ஐ விசா என்று தனியாகவே ஒன்று இருக்கிறது, அதில் கேளிக்கை நிகழ்ச்சி சேராது. இதையெல்லாம் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, ஆனால் ஷூட்டிங் ஏற்பாடுகளைக் கவனிக்கிற லைன் ப்ரொட்யூசரிடம் "அனுமதிக் கடிதத்தில் என் பெயர் இருக்கா சார்?" என்று கேட்டு, ஒரு நகலை வாங்கி போனில் வைத்துக்கொள்வது உங்கள் கடமை. கேமராமேன் பெயர் இருக்கும், ஆங்கர் பெயர் இருக்கும், எடிட்டர் பெயர் விட்டுப்போயிருக்கும். இதை இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

பாஸ்போர்ட்டுக்குச் சென்னைக்குத்தான் அலைய வேண்டும் என்று நினைக்காதீர்கள், வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. வேலை வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், இந்தத் தொழிலில் அழைப்பு பத்து நாளைக்கு முன்னால்தான் வரும்.

பணம் பற்றி மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு, பயண நாளுக்கு உண்டா, பேட்டா எந்த நாட்டுப் பணத்தில் எப்போது கையில் வரும், ஊருக்குத் திரும்பி வந்த பிறகு திருத்தம் செய்யும் நாட்களுக்குத் தனிக் கணக்கா, இன்சூரன்ஸ் யார் எடுக்கிறார்கள். கூச்சமில்லாமல் கேளுங்கள். ஒரு நிறுவனத்துக்கு நான் பதினொரு நாள் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு, பயண நாட்கள் கணக்கில் வராது என்று கடைசியில் சொல்லக் கேட்டு, எழுத்தில் எதுவும் இல்லாததால் வாயடைத்து வந்தேன். அந்தத் தொகை அன்றைக்கு எங்கள் வீட்டு இரண்டு மாத வாடகை.

டிஸ்க் கணக்கு

எத்தனை கேமரா, எந்த ஃபார்மட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ரெக்கார்டிங் ஓடும். இந்த மூன்றும் தெரியாமல் டிஸ்க் வாங்கப் போகக்கூடாது. நொடிக்கு 50 மெகாபிட் ஓடுகிற ஹெச்.டி. ஃபார்மட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜி.பி. அதே கேமராவை 4கேயில், நொடிக்கு 250 மெகாபிட்டில் ஓட்டினால் மணிக்கு 112.5 ஜி.பி. இரண்டு கேமரா, எட்டு நாள், கேமராவுக்குத் தினம் மூன்று மணி நேரம் என்று வைத்தால் 48 மணி நேர ஃபுட்டேஜ். ஹெச்.டி.யில் ஒரு டி.பி.யைக் கொஞ்சம் தாண்டும், 4கேயில் 5.4 டி.பி. ஆகும். இதை இரண்டு காப்பி எடுக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 11 டி.பி. ப்ரொட்யூசர் "இரண்டு டி.பி. டிஸ்க் ஒண்ணு போதாதா?" என்று கேட்டால் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். வாக்குவாதம் செய்வதைவிட அது வேகமாக வேலை செய்கிறது.

ஒளிபரப்பு ஹெச்.டி.யில்தான் என்றால் எல்லாவற்றையும் 4கேயில் எடுக்க வேண்டுமா என்பதையும் கேமராமேனிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். பேட்டிக்கு 4கே எடுத்தால் ஒரே ஷாட்டை மிட்டாகவும் க்ளோஸாகவும் வெட்டலாம், அது உபயோகம். காரில் போகிற ஷாட் நாற்பது நிமிஷத்துக்கு 4கே தேவையே இல்லை.

வேலை செய்ய ஒரு வேகமான எஸ்.எஸ்.டி., இரண்டாவது காப்பிக்குச் சாதாரண ஹார்டு டிஸ்க். மேக், விண்டோஸ் இரண்டிலும் திறக்க வேண்டும் என்று எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்வோம், சரிதான், ஆனால் அந்த முறையில் டிஸ்க்கைச் சட்டென்று பிடுங்கினால் உள்ளே இருப்பது குலைந்துபோகும் வாய்ப்பு அதிகம். இஜெக்ட் கொடுக்காமல் யாரும் கேபிளைத் தொடக்கூடாது.

பெட்டி, பேட்டரி, கஸ்டம்ஸ்

லித்தியம் பேட்டரியைத் தனியாக எடுத்துப் போனால் அது கேபினில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாட் ஹவர் வரை தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு ஒருவருக்கு இரண்டு, அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏற்றவே முடியாது. பேட்டரியில் வாட் ஹவர் அச்சாகாமல் இருந்தால் வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்குங்கள்: 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர் ஹவர் என்றால் 98, தப்பித்தது. 14.4க்கு 9 என்றால் ஏறத்தாழ 130, அனுமதி வேண்டும். முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். பவர் பேங்க்கும் கேபினில்தான் வர வேண்டும்.

கஸ்டம்ஸ் விஷயத்தில் எனக்கு வழிகாட்டியது டிவிக்காரர் யாருமில்லை, ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு பெரியவர். நம் பக்கத்துத் தோல் கம்பெனிக்காரர்கள் மிலானிலும் ஹாங்காங்கிலும் நடக்கிற கண்காட்சிக்குச் சாம்பிள் பெட்டியோடு போய்வருகிறவர்கள். விற்காமல் திருப்பிக் கொண்டுவரப்போகிற சரக்குக்கு வரி கட்டாமல் போய்வர ஏ.டி.ஏ. கார்னெட் என்று ஒரு புத்தகம் உண்டு, கேமராவுக்கும் எடிட்டிங் சாமானுக்கும் அது செல்லும் என்று அவர்தான் சொன்னார். இந்தியாவில் அதை ஃபிக்கி என்கிற வர்த்தக அமைப்பு வழங்குகிறது, ஒரு வருஷம் வரை செல்லுபடியாகும், காப்பாக ஒரு தொகையோ உத்தரவாதமோ கேட்பார்கள். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், பிரிட்டன் எல்லாம் ஏற்கின்றன. ஒவ்வொரு பொருளும் சீரியல் நம்பரோடு பட்டியலில் இருக்க வேண்டும், நாட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் முத்திரை வாங்க வேண்டும். ஒரு முத்திரை விட்டுப்போனால் பொருளை அங்கேயே விற்றுவிட்டதாகக் கருதி வரி கேட்பார்கள். ஆகவே விமானத்துக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் போங்கள்.

கார்னெட் இல்லாமல் உங்கள் சொந்த லேப்டாப், மானிட்டர், லென்ஸ் மட்டும் கொண்டுபோகிறீர்கள் என்றால், கிளம்பும்போது சென்னை விமான நிலையக் கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது "இது இங்கிருந்து போனதுதான்" என்பதற்கு அதுதான் அத்தாட்சி. செக்-இன் போட்ட பிறகு போய்க் கேட்டால் பொருளைக் காட்டச் சொல்வார்கள், பொருள் பெல்ட்டில் போயிருக்கும்.

பிளக் விஷயம் சின்னதுதான். சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் நான்கிலும் சதுரக்கால் மூன்று பின் பிளக். நாலு அடாப்டர் வாங்குவதைவிட, ஒரு நல்ல அடாப்டரும் நம் ஊர் ஸ்பைக் பாக்ஸ் ஒன்றும் எடுத்துப் போனால் மொத்த சாமானும் அதில் ஓடும்.

கிளம்பும் முன் ஏலகிரி

இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, நான் வற்புறுத்திச் சொல்கிறேன். கொண்டுபோகப்போகிற அதே லேப்டாப், அதே டிஸ்க், அதே கார்டு ரீடரோடு ஒரு நண்பரைக் கேமராவுடன் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் ஏலகிரிக்குப் போங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு லாட்ஜில் ரூம் எடுங்கள், பகலில் எடுங்கள், ராத்திரியில் காப்பி செய்து வெட்டி, போன் இன்டர்நெட்டில் மூன்று நிமிஷ வீடியோவைச் சென்னையில் இருக்கும் யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். வீட்டில் மறந்த கேபிள் எது, லாகின் கேட்கிற சாஃப்ட்வேர் எது, ரூமில் இருக்கிற ஒரே பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால் இருந்தால் என்ன செய்வது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். என் முதல் ஒத்திகையில் தமிழ் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாக வந்தது. புது லேப்டாப்பில் எழுத்துருவே ஏற்றவில்லை. சில சேனல்களின் டைட்டில் டிசைன் இன்னும் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில்தான் இருக்கும், அந்தக் கோப்பையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வர, கிராஃபிக்ஸ் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான டெக்ஸ்ட் இன்ஜினைத் தேர்வு செய்ய வேண்டும். இதை மலேசியாவில் ராத்திரி பதினோரு மணிக்குக் கண்டுபிடித்திருந்தால் அன்றைய பேக்கேஜ், அதாவது வெட்டி முடித்த துண்டு, சென்னைக்குப் போயிருக்காது.

கூட்டத்தில் போன் சிக்னல் எப்படி இருக்கும் என்று பார்க்க ரத்தினகிரி முருகன் கோயில் ஆடிக் கிருத்திகைக்குப் போங்கள். மலையடிவாரத்தில் எல்லார் கையிலும் போன், உங்கள் வீடியோ நகரவே நகராது. பத்துமலைத் தைப்பூசத்தில், 272 படிக்கும் கீழே நின்றுகொண்டு "இங்கிருந்தே அப்லோட் பண்ணிடலாம்" என்று எங்கள் யூனிட்டில் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளாததற்கு ரத்தினகிரிதான் காரணம். கார்டை எடுத்துக்கொண்டு ஒருவர் ரயிலேறி ரூமுக்கு வந்தார், அங்கிருந்து அனுப்பினோம்.

டம்ப்

இனி முக்கியமான பகுதி. பினாங்கில் ஒரு தொடருக்காக வேலை செய்துகொண்டிருந்தோம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, ஆற்காட்டுப் பக்கத்தில் பிறந்தவர், சின்ன வயதில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்ததைச் சொன்னார். கப்பலில் தன் தங்கைக்குக் காய்ச்சல் வந்ததைச் சொல்லும்போது நிறுத்திவிட்டார், அரை நிமிஷம் பேசவில்லை, கேமராமேன் கட் பண்ணாமல் அப்படியே வைத்திருந்தார். யூனிட்டில் எல்லாருக்கும் கண் கலங்கியது.

சாயங்காலம் ரூமில் அசிஸ்டன்ட் தம்பியிடம் கேட்டேன், "பேக்கப் ஆயிடுச்சா?" "ஆயிடுச்சுண்ணா." நான் கேட்டது கார்டில் இருப்பதை டிஸ்க்கில் ஏற்றிவிட்டாயா என்று. அவன் சொன்னது ஷூட்டிங் பேக்கப் ஆகிவிட்டது, லைட்டெல்லாம் வேனில் ஏற்றியாகிவிட்டது என்று. காப்பி எடுக்கிற backup, ஷூட்டிங் முடிகிற pack-up, நாம் இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். மறுநாள் காலையில் அந்தக் கார்டு ஃபார்மட் ஆகி, கடைத்தெரு ஷாட்கள் அதன் மேலேயே பதிவாகிவிட்டன. ஃபார்மட் ஆனவுடனே கார்டை வெளியே எடுத்து வைத்திருந்தால் ரெக்கவரி சாஃப்ட்வேரில் பெரும்பகுதியை மீட்டிருக்கலாம், மேலே புதிதாக எழுதிய பிறகு வழியில்லை. தம்பி மேல் தவறில்லை, கேள்வியை நான் சரியாகக் கேட்கவில்லை.

திரும்பப் போனோம், அந்த அம்மா முகம் சுளிக்காமல் மறுபடி சொன்னார். ஆனால் இரண்டாவது முறை அது ஒரு கதையாக வந்தது. அந்த அரை நிமிஷ மௌனம் திரும்ப வரவில்லை.

அன்றிலிருந்து நான் இருக்கிற யூனிட்டில் "பேக்கப்" என்ற சொல்லை ஷூட்டிங் முடிவதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம், காப்பி செய்வதற்கு "டம்ப்". கேட்கும்போதும் ஆச்சா, ஆகலையா என்று கேட்பதில்லை, "ஏ3 கார்டு எந்த டிஸ்க்குல இருக்கு, எத்தனை ஜி.பி.?" என்று கேட்கிறோம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் டிஸ்க்கைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

முறை இதுதான். கேமராவிலிருந்து வெளியே வந்த கார்டுக்கு உடனே சிவப்பு டேப், அந்தக் கார்டு எடிட்டர் கைக்கு நேராக வர வேண்டும். ஃபைண்டரிலோ எக்ஸ்ப்ளோரரிலோ இழுத்துப் போடாதீர்கள், செக்சம் சரிபார்க்கிற, அதாவது காப்பி மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற சாஃப்ட்வேரில் செய்யுங்கள். ஆஃப்ஷூட் (முன்பு ஹெட்ஜ்), ஷாட்புட் ப்ரோ மாதிரி காசு கொடுத்து வாங்குவது உண்டு, டாவின்ச்சி ரிசால்வ் எடிட்டிங் சாஃப்ட்வேரில் க்ளோன் டூல் உள்ளேயே இருக்கிறது. கார்டில் இருக்கிற ஃபோல்டர் அமைப்பை அப்படியே முழுசாக எடுங்கள், வீடியோ கோப்பை மட்டும் பொறுக்கினால் பிறகு சில கேமராக்களின் கிளிப் ஒழுங்காக இணையாது. இரண்டு டிஸ்க்கிலும் ஏறி, இரண்டையும் திறந்து முதல் கிளிப், நடுக் கிளிப், கடைசிக் கிளிப் ஓட்டிப் பார்த்து, சத்தத்தையும் கேட்ட பிறகு பச்சை டேப். பச்சை டேப் ஒட்டுகிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான், அது நீங்கள். டைரக்டரே அவசரமாகக் கேட்டாலும் சிவப்பு டேப் கார்டைக் கொடுக்கக்கூடாது. இதைக் கிளம்புவதற்கு முன்பே டைரக்டரிடம் மரியாதையாகச் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், ஸ்பாட்டில் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகத் தெரியும்.

256 ஜி.பி. கார்டு முழுசாக இருந்தால் நொடிக்கு 250 எம்.பி. வேகத்தில் 17 நிமிஷம், சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு அதன் இரண்டு மடங்கு, சரிபார்க்க இன்னொரு பங்கு. அதனால் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ராத்திரி எல்லாக் கார்டையும் சேர்த்து உட்கார்ந்தால் ரஷ் பார்க்க நேரமே இருக்காது.

இரண்டு டிஸ்க்கும் ஒரே ரூமில் தூங்கக்கூடாது. ஒன்று உங்களிடம், ஒன்று கேமராமேனிடம்.

ரஷ் பார்ப்பது

டம்ப் ஓடும்போதே பார்க்க ஆரம்பித்துவிடுங்கள். எல்லாவற்றையும் முழு வேகத்தில் பார்க்க முடியாது. பேட்டியைக் கேளுங்கள், மற்றதை ஓட்டிப் பாருங்கள், ஒரு நோட்டில் மூன்றே தலைப்பு: பேட்டியில் சொன்னது, அதற்குப் படம் இருக்கிறதா, சத்தம் எப்படி. "எங்கள் தாத்தா இந்தத் தெருவில்தான் மாவு மில் வைத்திருந்தார்" என்று ஒருவர் சொல்கிறார், தெரு எங்கே? மில் இருந்த இடத்தில் இப்போது இருப்பது எங்கே? பழைய போட்டோ காட்டினாரே, அதைத் தனியாக க்ளோஸில் எடுத்தார்களா? நான் பார்த்தவரை குறைவது அழகான ஷாட் இல்லை. கதவைத் திறந்து உள்ளே வருவது, பேசுகிறவரின் கை, கேட்டுக்கொண்டிருக்கிறவரின் முகம், தெருப் பெயர்ப் பலகை, இப்படிப்பட்ட சாதாரண ஷாட்தான் குறையும்.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் ஆம்பியன்ஸ், அதாவது அந்த இடத்தின் இயல்பான சத்தம், பதிவு செய்யச் சொல்லுங்கள். லிட்டில் இந்தியா என்று பெயர் இருக்கிற எந்தத் தெருவிலும் கடைக்குக் கடை சினிமாப் பாட்டு ஓடும். பேட்டிக்குப் பின்னால் பாட்டு ஓடினால் ஒரு வாக்கியத்தைக்கூட நடுவில் வெட்ட முடியாது, பாட்டு துள்ளுவது காதில் விழும், யூடியூபில் ஏற்றும்போது பாட்டின் உரிமைக்காரரிடமிருந்து க்ளெய்மும் வரும். முதல் நாள் ரஷ்ஷிலேயே இதைக் கேட்டுச் சொல்லிவிட்டால், இரண்டாம் நாளிலிருந்து கடைக்காரரிடம் "அண்ணே, பத்து நிமிஷம் பாட்டை நிறுத்திக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு எடுப்பார்கள். தமிழ்க் கடைக்காரர்கள் மறுத்து நான் பார்த்ததில்லை.

ஆங்கர் தலையில் மல்லிப்பூ இருந்தால் அதையும் பாருங்கள். காலையில் வெள்ளையாக இருந்தது மாலையில் வாடிப் பழுப்பாகியிருக்கும், மாலை எடுத்த ஷாட்டைக் காலைக் காட்சியின் நடுவில் செருகினால் வீட்டில் பார்க்கிற அம்மாமார்கள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

பெயர்களை அங்கேயே எழுதி வாங்குங்கள். மூன்று தலைமுறை வெளிநாட்டில் இருந்தவர் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவார், இனிஷியல் என்ன என்பதை அவரே எழுதித் தரட்டும். பெயரைத் தப்பாகப் போட்டால் அவர் குடும்பமே வருத்தப்படும்.

குறையைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கேமராமேனிடம் தனியாக, "அண்ணே, அந்தப் படி ஏறுற ஷாட் தேடினேன், கிடைக்கல, வேற கார்டுல இருக்கா?" என்று கேளுங்கள். சில நேரம் உண்மையிலேயே வேறு கார்டில் இருக்கும். இல்லையென்றால் அவரே டைரக்டரிடம் "நாளைக்குக் காலையில ஒரு பேட்ச் எடுத்துடலாம் சார்" என்று சொல்லிவிடுவார். சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் சொன்னால் அடுத்த நாளிலிருந்து யாரும் உங்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று ஷாட்டுக்கு மேல் கேட்காதீர்கள், எது இல்லாமல் காட்சியே நிற்காதோ அதை மட்டும்.

ஃப்ரேம் ரேட், கடிகாரம்

நம் ஒளிபரப்பு 25 ஃப்ரேம். அமெரிக்கா, கொரியா, தைவான் போன்ற 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 25 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டரை 1/60 நொடியில் வைக்காவிட்டால் கடை விளக்குகள் துடிக்கும். ஜப்பானில் டோக்கியோ 50, ஒசாகா 60, ஒரே ஷெட்யூலில் இரண்டும் வரும். ரஷ்ஷில் துடிப்பு தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், எடிட்டில் அதை முழுசாக நீக்க முடியாது. கோப்ரோ, ட்ரோன் எல்லாம் 29.97ல் ஓடிக்கொண்டிருக்கும், முதல் நாளே 25க்கு மாற்றச் சொல்லுங்கள். போனில் எடுத்ததில் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது, டைம்லைனில் போடுவதற்கு முன் நிலையான ரேட்டுக்கு மாற்றாவிட்டால் போகப்போக உதடும் சத்தமும் விலகும்.

கேமரா எல்லாவற்றிலும் ஒரே நேரம் வையுங்கள். விமானம் இறங்கியதும் போன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கேமரா இந்திய நேரத்திலேயே இருக்கும். மலேசியாவில் இரண்டரை மணி நேர வித்தியாசம், வரிசைப்படுத்தும்போது எல்லாம் கலைந்துபோகும்.

சென்னைக்கு அனுப்புவது

ஸ்பீட் டெஸ்டில் டவுன்லோட் எண்ணைப் பார்த்து மகிழாதீர்கள், அப்லோட் எவ்வளவு என்று பாருங்கள். நொடிக்கு 5 மெகாபிட் அப்லோட் இருந்தால், 50 மெகாபிட் ஃபார்மட்டில் இரண்டு நிமிஷ பேக்கேஜ் போக 20 நிமிஷம். 22 நிமிஷ எபிசோட் என்றால் 3 மணி 40 நிமிஷம். அதையே 10 மெகாபிட் எச்.264 என்கிற சுருக்கிய ஃபார்மட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். சேனலின் எம்.சி.ஆர். (ஒளிபரப்பைக் கவனிக்கிற மாஸ்டர் கன்ட்ரோல் ரூம்) எதை ஏற்றுக்கொள்ளும், சத்தத்தின் அளவு என்ன என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே எழுத்தில் கேட்டு, ஒரு சோதனைக் கோப்பும் அனுப்பிச் சரி சொல்ல வையுங்கள்.

கெடு என்பது எப்போதும் இந்திய நேரத்தில்தான் சொல்வார்கள். ராத்திரி ஏழு மணிக்குச் சென்னையில் இருக்க வேண்டும் என்றால் சிங்கப்பூரில் ஒன்பதரை, துபாயில் ஐந்தரை, குளிர்கால லண்டனில் மத்தியானம் ஒன்றரை. லண்டனில் காலை ஷூட்டிங் முடிவதற்குள் உங்கள் கெடு வந்துவிடும், அதனால் அங்கே அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே அனுப்புவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஹோட்டல் ஊழியர்களிடம் நட்பாக இருங்கள். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற வங்காளக் குடும்பங்களால் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில் இருக்கும். அங்கே வளர்ந்ததால் எனக்கு நாலு வார்த்தை வங்காளம் வரும். கோலாலம்பூரில் ரிசப்ஷனில் இருந்த பங்களாதேஷ் தம்பியிடம் அதைப் பேசினேன், வைஃபை ரவுட்டருக்குப் பக்கத்து ரூமை மாற்றிக் கொடுத்து, பெரிய கோப்பு அனுப்ப ராத்திரி இரண்டு மணிக்கு மேல் லைன் காலியாக இருக்கும் என்றும் சொன்னார்.

உடம்பைப் பொறுத்தவரை ஐந்து மணி நேரமாவது தூங்குங்கள். ரெண்டர் ஓடும்போது விழித்திருந்து பார்க்க வேண்டியதில்லை. தூக்கக் கலக்கத்தில்தான் தப்பான கார்டு ஃபார்மட் ஆகும்.

திரும்பி வரும்போது

இரண்டு டிஸ்க்கும் கேபின் பையில், வெவ்வேறு ஆள் கையில், முடிந்தால் வெவ்வேறு விமானத்தில். எக்ஸ்ரே டிஸ்க்கையும் கார்டையும் ஒன்றும் செய்யாது, அந்தப் பயம் வேண்டாம். கார்னெட்டில் அந்த நாட்டு வெளியேற்ற முத்திரையும் சென்னையில் உள்வருகை முத்திரையும் விழுந்ததா என்று கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள்.

டிஸ்க்கை ஒப்படைக்கும்போது எத்தனை கார்டு, எத்தனை ஜி.பி., எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தோடு போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டாவது காப்பியை யார் கேட்டாலும் நிகழ்ச்சி ஒளிபரப்பாகி ஒரு மாதம் ஆகும்வரை அழிக்காதீர்கள். அதற்குப் பிறகும் சேனலில் "அழிக்கலாம்" என்று மின்னஞ்சல் வந்த பிறகுதான்.

அழிப்பதற்கு முன்னால் இன்னொன்று கேளுங்கள்: பேட்டி கொடுத்தவர்களுக்கு அவர்கள் பேசிய பகுதியை முழுசாக அனுப்பலாமா என்று. பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். பினாங்கு அம்மா இரண்டாவது முறை பேசிய நாற்பது நிமிஷத்தை வெட்டாமல் ஒரு பென் டிரைவில் போட்டு அவர் பேத்திக்கு அனுப்பினேன். வீட்டில் அந்தப் பாட்டி பேசுகிற வேறு வீடியோவே இல்லை என்று அந்தப் பெண் பதில் எழுதியிருந்தாள்.